வாய்ப் புற்றுநோயில் பிழைப்பைத் தீர்மானிப்பவை: நோயாளியின் வீட்டாருக்கு ஒரு வழிகாட்டி

பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனை) அறிக்கையில் 'ஸ்குவாமஸ் செல் கார்சினோமா' என்று வந்ததும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "எத்தனை நாள் தாங்கும்?" என்பதுதான். அந்தத் தாளில் இதற்குப் பதில் கிடையாது. வாயில் வரும் புற்றில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இதே வகை. அதே பெயர் கொண்ட நோயோடு ஒருவர் இருபது வருடம் வேலை வெட்டியோடு இருக்கிறார், இன்னொருவர் அடுத்த தீபாவளியைப் பார்ப்பதில்லை. கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியது, கழுத்துக்குப் போனதா, சுத்தமாக எடுக்கப்பட்டதா, கதிர்வீச்சு விடாமல் நடந்ததா, இடையில் ஆள் எவ்வளவு இளைத்தார், போயிலையை விட்டாரா என்பதையெல்லாம் கூட்டித்தான் பதில் வரும்.

இவற்றில் சில, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போதே முடிவாகிவிட்டவை. சில அறுவை சிகிச்சை அறையில் முடிவாகின்றன. மீதி வீட்டார் கையில் இருக்கிறது. பலர் நினைப்பதைவிட அந்த மீதி பெரியது.

புண் தெரிந்த நாளிலிருந்து பயாப்சி வரை

நம் மதுரைப் பக்கம் வாய்ப் புற்று அதிகம் வருவது கன்னத்தின் உட்புறத்திலும், கீழ் ஈறுக்கும் கன்னத்துக்கும் இடைப்பட்ட பள்ளத்திலும். போயிலையை அதக்கி வைக்கும் இடம் அதுதான். அடுத்தது நாக்கின் ஓரம். வெற்றிலையின் மேல் பழி போட வேண்டாம். சோழவந்தான் வெற்றிலை 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. அதற்குள் மடிக்கிற பாக்கும் போயிலையும்தான் ஆளைக் கொல்வது. போயிலை சேராத வெறும் பாக்கே புற்றை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் சொல்லிவிட்டது. ஆகவே "போயிலையை விட்டுட்டேன், பாக்கு மட்டும்தான்" என்பது பாதி விட்டதுதான். ஹான்ஸ், கூல் லிப் வகையறாவும் இதே கணக்கில் வரும்.

இரண்டு வாரத்தில் ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட ஆபத்தான சிவப்புத் திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல், கீழ் உதட்டில் மரத்துப்போன உணர்வு, ஒரு பக்கக் காதுவலி, காரம் பட்டால் எரிச்சல், நாளுக்கு நாள் வாய் திறப்பது குறைதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பல் டாக்டரிடமோ காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ காட்ட வேண்டும். கேரளத்தில் திருவனந்தபுரம் வட்டாரத்தில் நடந்த பெரிய ஆய்வில், புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களின் வாயைப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வெறும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்ததாலேயே அவர்களிடையே வாய்ப் புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2005-இல் வெளிவந்த முடிவு இது. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பார்வைக்குக் காசு கிடையாது.

இந்தக் கட்டத்தில்தான் நாட்கள் வீணாகின்றன. முதலில் மருந்துக் கடையில் வாய்ப்புண் களிம்பு, பி காம்ப்ளக்ஸ் மாத்திரை. பிறகு நாட்டு மருந்து, பச்சிலைப் பூச்சு. பிறகு ஆடும் பல்லைப் பிடுங்குவது. பல் பிடுங்கிய குழி மூன்று வாரமாகியும் ஆறாமல் சதை வளர்ந்தால், குழியிலிருந்தே பயாப்சி எடுக்கச் சொல்லுங்கள். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. பயாப்சியைப் புண்ணின் விளிம்பிலிருந்து, நல்ல தசையும் கொஞ்சம் சேர எடுப்பார்கள். நடுவில் அழுகிய பகுதியை மட்டும் எடுத்தால் அறிக்கை 'ஒன்றும் தெரியவில்லை' என்று வந்துவிடலாம். பார்த்தால் சந்தேகமான புண், அறிக்கையில் ஒன்றுமில்லை என்று வந்தால், நிம்மதியாக வீட்டுக்குப் போகாமல் இரண்டாவது பயாப்சி கேளுங்கள்.

தாமதத்தின் விலை எவ்வளவு? ஏழு வகைப் புற்றுகளைச் சேர்த்துப் பார்த்து 2020-இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, அறுவை சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப் போனால் மரண அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்றது. தலை, கழுத்துப் புற்றும் அதில் அடக்கம். 'ஆடி போகட்டும்', 'அறுப்பு முடியட்டும்' என்று சொல்வது இந்தக் கணக்கில்தான் ஏறுகிறது.

நிலை என்பது எதை அளக்கிறது

வெளியே தெரியும் அகலத்தைவிட உள்ளே இறங்கிய ஆழம்தான் பேசும். புற்றின் நிலையைக் குறிக்கும் டி.என்.எம். வகைப்பாட்டின் எட்டாம் பதிப்பில் (2018-லிருந்து நடைமுறை) ஆழமும் சேர்க்கப்பட்டது அதனால்தான். அதில் 'டி' என்பது கட்டியின் அளவு. 2 செ.மீ.க்குள் அகலம், 5 மி.மீ.க்குள் ஆழம் என்றால் டி1. அதே 2 செ.மீ. புண் 5 மி.மீ.யைத் தாண்டி இறங்கியிருந்தால் டி2. 2 செ.மீ.க்கு மேல் 4 செ.மீ. வரை உள்ள புண் 10 மி.மீ.யைத் தாண்டி இறங்கினால் டி3. தாடை எலும்பின் கெட்டியான புறப்பகுதியை அரித்து உள்ளே போனாலோ, முகத்தோலுக்கு வந்துவிட்டாலோ டி4ஏ. சுண்டைக்காய் அளவுப் புண்ணுக்கு எதற்கு இவ்வளவு பெரிய ஆபரேஷன் என்று கோபப்படுவதற்கு முன் ஆழம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள்.

எல்லாவற்றையும் விட எடை கூடிய காரணி கழுத்து நெறிக்கட்டி. ஒரே ஒரு முடிச்சில் நோய் ஏறிவிட்டாலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிறது என்பது பல காலமாகத் தெரிந்த கணக்கு. எவ்வளவு சின்னப் புண்ணாக இருந்தாலும் நெறிக்கட்டி இருந்தால் நோய் குறைந்தது மூன்றாம் நிலைக்குப் போய்விடும். முடிச்சின் உறையைக் கிழித்து வெளியே கசிந்திருந்தால் நான்காம் நிலை.

"நாலாவது ஸ்டேஜ்" என்று கேட்டதும் வீட்டில் அழுகுரல் எழும். வாய்ப் புற்றில் 4ஏ என்பது பெரும்பாலும் ஆபரேஷன் செய்து குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை தரும் நிலைதான். நுரையீரல் போன்ற தூர உறுப்புக்குப் போன 4சி-யும் அதுவும் ஒன்றல்ல. எழுத்தையும் சேர்த்துக் கேளுங்கள்: ஏ-யா, பி-யா, சி-யா? மெல்லும் தசைகளுக்குப் பின்னால், மண்டையோட்டின் அடிப்பக்கம் ஏறிய நோயை டி4பி என்பார்கள். அதிலும் கீழ்மட்டத்தோடு நின்றதை அனுபவமுள்ள மையங்களில் எடுக்கிறார்கள். "முடியாது" என்று ஒரே இடத்தில் சொன்னால், படங்களை எடுத்துக்கொண்டு அடையாறு புற்றுநோய் நிறுவனம் போன்ற ஓர் இடத்தில் இன்னொரு தடவை கேட்பது தப்பில்லை. ஆனால் ஒரே ஒரு தடவை. நாலு ஊர் சுற்றுவதற்குள் டி4ஏ, டி4பி ஆகிவிடும்.

வயது, ஆணா பெண்ணா என்பதெல்லாம் இவற்றோடு பார்க்கும்போது சின்னக் காரணிகள். எழுபதைத் தாண்டியவருக்கும் உடம்பு திடமாக இருந்தால் முழு சிகிச்சை தரலாம். எச்.பி.வி. வைரஸ் பற்றி இணையத்தில் படித்துவிட்டுக் கேட்பார்கள். அது தொண்டையில் டான்சில் பக்கம் வரும் புற்றில் முக்கியம், வாய்க்குள் வருவதில் அதன் பங்கு சிறிது.

ஆபரேஷனுக்கு முந்தின இரண்டு வாரம்

கன்னம், ஈறு என்றால் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன், நாக்கு என்றால் எம்.ஆர்.ஐ., இரண்டுக்கும் நெஞ்சுப் படம் வழக்கம். கழுத்துக் கட்டி கைக்குத் தட்டுப்பட்டால் ஊசி வைத்து எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. பெட் ஸ்கேன் எல்லாருக்கும் தேவையில்லை, முற்றிய நோய்க்குத்தான்.

இந்த நாட்களில் காப்பீட்டு வேலையும் சேர்ந்தே நடக்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், வி.ஏ.ஓ. வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். அட்டை இல்லை என்பதைப் பயாப்சி எடுத்த அன்றே கண்டுபிடித்தால் ஒரு வாரம் மிச்சம். ஆபரேஷன் தேதி கொடுத்த பிறகு கண்டுபிடித்தால் தேதி போய்விடும். அரசு இராசாசி மருத்துவமனையில் பார்ப்பவர்களும் அட்டையைக் கொண்டுபோவது நல்லது.

உடம்பைத் தயார் செய்வது இணையான வேலை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் தையல் பிரியும், வெட்டிய இடத்தை மூட வைக்கும் தசை ஒட்டு செத்துப்போகும், அதனால் கதிர்வீச்சு தள்ளிப்போகும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருந்தால் காரணம் பார்த்து ஏற்ற வேண்டும். ரத்த சோகை உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சின் பலன் குறைவு. சொத்தைப் பல், ஆடும் பல் எல்லாவற்றையும் இப்போதே எடுத்துவிட வேண்டும். கதிர்வீச்சு தொடங்குவதற்கும் கடைசிப் பல் பிடுங்கியதற்கும் குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு அந்தத் தாடையில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகக்கூடும், வருடங்கள் கழித்துக்கூட. அந்த ஆளின் பல்லை எந்தப் பல் டாக்டர் தொட்டாலும் கதிர்வீச்சு வாங்கிய விஷயத்தை முதலில் சொல்ல வேண்டும்.

கத்தியின் வேலை

அறுவை சிகிச்சையே முதல் சிகிச்சை. கதிர்வீச்சை மட்டும் வைத்து ஒப்பேற்றிவிடலாமா என்று முகம் கோணிவிடும் பயத்தில் கேட்பவர்கள் நிறைய. எடுக்கக்கூடிய வாய்ப் புற்றுக்கு அது இரண்டாம்தரமான வழி. அறுவை சிகிச்சையால் வரும் பலன் அதில் வராது.

கழுத்தை ஏன் தொட வேண்டும், அங்கேதான் ஒன்றும் இல்லையே என்பது அடுத்த கேள்வி. இதற்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் பதில் கண்டுபிடித்தார்கள். ஆரம்ப நிலை நோயாளிகளில் ஒரு பாதிக்கு வாய் ஆபரேஷனோடு கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். மறுபாதிக்குக் கட்டி தெரிந்தால் எடுக்கலாம் என்று காத்திருந்தார்கள். மூன்றாண்டு முடிவில் முதல் கூட்டத்தில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், இரண்டாம் கூட்டத்தில் 67.5 சதவீதம். 2015-இல் வந்த இந்த முடிவுக்குப் பிறகு, ஆழம் 3, 4 மி.மீ.யைத் தாண்டிய கட்டிக்குக் கழுத்தை விட்டுவைப்பதற்கு நியாயமான காரணம் அபூர்வம். வாயை மட்டும் வெட்டித் தைத்து அனுப்புவதாகச் சொன்னால், "கழுத்து டிசெக்‌ஷன் ஏன் வேண்டாம்?" என்று கேளுங்கள். அது நோயாளியின் உரிமை, டாக்டரை மதிக்காததாக ஆகாது.

நோயியல் அறிக்கை வாசிப்பது

ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் இரண்டு மூன்று பக்க அறிக்கை வரும். இனி வரும் சிகிச்சை முழுவதும் அந்தத் தாளை வைத்துத்தான். ஆங்கிலம் வராதவர்கள்கூட சில சொற்களைத் தேடிப் பிடித்துவிடலாம்.

முதலில் 'மார்ஜின்'. வெட்டிய சதையின் ஓரத்துக்கும் நோய்க்கும் இடையே எவ்வளவு நல்ல தசை இருக்கிறது என்பது. 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் சுத்தம். 1 முதல் 5 வரை 'குளோஸ்', அதாவது நெருக்கம். 1 மி.மீ.க்குக் கீழே என்றால் நோய் உள்ளேயே இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மறுபடி வெட்ட முடியுமா என்பதைத் தாமதமின்றி முடிவு செய்வார்கள். "மார்ஜின் ஃப்ரீ" என்று ஒரு சொல்லோடு அறிக்கை முடிந்திருந்தால் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதித் தரச் சொல்லுங்கள், ஆழ்ப்பக்க மார்ஜினையும் சேர்த்து. சதை எடுத்த பின் சுருங்கும். கன்னத்தில் மேலே ஓரம் சுத்தமாகவும் அடியில் ஒட்டியும் இருப்பது சகஜம்.

அடுத்து நெறிக்கட்டிகளின் எண்ணிக்கை. '2/24' என்றிருந்தால் 24 முடிச்சு எடுத்ததில் இரண்டில் நோய். மேல் எண் கூடக் கூட நிலைமை மோசம். கீழ் எண்ணுக்கும் அர்த்தமுண்டு: 18-க்குக் குறைவாக எடுத்த கழுத்தில் 'நோய் இல்லை' என்பதை அவ்வளவாக நம்ப முடியாது.

'எக்ஸ்ட்ராநோடல் எக்ஸ்டென்ஷன்' என்ற வரியில் 'பிரசென்ட்' என்றிருந்தால் முடிச்சின் உறை கிழிந்திருக்கிறது. இதுவும் நோய் தொட்ட மார்ஜினும்தான் கதிர்வீச்சோடு கீமோவையும் சேர்க்க வைக்கும் இரண்டு காரணங்கள். 'பெரிநியூரல் இன்வேஷன்' என்பது நரம்பின் ஓரமாக நோய் ஊர்ந்து போவது, 'லிம்ஃபோவாஸ்குலர் இன்வேஷன்' என்பது ரத்த, நிணநீர்க் குழாய்க்குள் நுழைவது. இவை இருந்தாலும், நோய் டி3, டி4 ஆக இருந்தாலும், நெறிக்கட்டியில் ஏறியிருந்தாலும் கதிர்வீச்சு பற்றிப் பேச்சு வரும். 'வெல் டிஃபரன்ஷியேட்டட்' (புற்றணுக்கள் பார்வைக்கு நல்ல அணுக்களை ஒத்திருக்கின்றன) என்பதைப் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம். இந்தத் தரம் மேலே சொன்ன எதையும் விட லேசான காரணி.

இந்த அறிக்கையின் இரண்டு நகலை எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள்.

கதிர்வீச்சு

ஆபரேஷன் நடந்த ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்கிவிட வேண்டும். ஆபரேஷன் தேதியிலிருந்து கடைசி சிட்டிங் வரை பதினோரு வாரத்தைத் தாண்டினால் பலன் குறைகிறது. வழக்கமான அளவு 60 முதல் 66 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்றாக 30 முதல் 33 சிட்டிங். திட்டமிடும் சி.டி., முகமூடி அச்சு, கணக்குப் போடுவது என்று தொடங்கும் முன்பே ஒன்றிரண்டு வாரம் போய்விடும். எனவே தையல் பிரித்த நாளிலேயே கதிர்வீச்சுப் பிரிவில் பெயர் பதிய வேண்டும், நோயியல் அறிக்கை வரட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

சிட்டிங் ஒரு நாள் தவறினால் என்ன? புற்றணுக்கள் அந்த இடைவெளியில் பெருகும். சிகிச்சை ஒரு நாள் நீண்டால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் குறைகிறது என்பது கதிர்வீச்சு மருத்துவர்கள் கையாளும் கணக்கு. ஒரு வாரம் என்றால் கூட்டிப் பாருங்கள். மெஷின் பழுது, பொங்கல் விடுமுறை, சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்கும் நாளில் வண்டி போகாத தெரு என எதுவானாலும் தவறிய சிட்டிங்கை ஈடுகட்ட வழி இருக்கிறது: ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு, அல்லது சனிக்கிழமை ஒன்று. 'கடைசியில் சேர்த்துக்கலாம்' என்பதை ஒத்துக்கொள்ளாமல், அதே வாரத்தில் ஈடுகட்ட முடியுமா என்று கேளுங்கள். உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கமிருந்து தினம் பஸ்ஸில் வந்துபோக முதல் இரண்டு வாரம் தெம்பு இருக்கும். மூன்றாவது வாரத்தில் வாய் வெந்துபோய், கீமோ வாந்தியும் சேர்ந்தால் முடியாது. அப்போது மதுரையில் தங்க ஓர் இடத்தை இப்போதே பார்த்து வையுங்கள். ரயிலில் வருபவர்களுக்குப் புற்றுநோயாளிக்கும் துணைக்கும் கட்டணச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் சான்று வாங்க வேண்டும்.

அந்த முகமூடியைக் கவனியுங்கள். வெந்நீரில் இளக்கி முகத்தில் அழுத்தி அச்செடுத்த வலைப் பிளாஸ்டிக். முதல் நாள் கன்னத்தில் பதிந்து கோடு விழும் அளவுக்கு இறுக்கமாக இருக்கும். நாலாவது வாரம் அதற்குள் முகம் ஆடுகிறது என்றால் ஆள் இளைத்துவிட்டார். கதிர் குறிவைத்த இடமும் நோய் இருந்த இடமும் இனி அச்சாகப் பொருந்தாது. டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள், தேவையானால் மறுபடி சி.டி. எடுத்துத் திட்டம் மாற்றுவார்கள். சாப்பாட்டுக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பை இதைவிட நேராகக் காட்டும் இடம் கிடையாது.

கீமோ சேர்த்தால் அது பெரும்பாலும் சிஸ்பிளாட்டின், வாரம் ஒரு முறையோ மூன்று வாரத்துக்கு ஒரு முறையோ. கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தச் சோதனை), காது கேட்கும் திறன் இரண்டும் பார்த்துத்தான் தருவார்கள். சிறுநீரகம் தாங்காதவர்களுக்கு டோசிடாக்செல் என்ற மாற்று உண்டு. மருந்து ஏற்றிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் நோயாளி நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், வாய் வழியாகவோ குழாய் வழியாகவோ. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் குரோசின் போட்டுக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

வாய் கொப்பளிக்க: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா. இரண்டு மணிக்கு ஒரு தடவை, சாப்பிட்ட பின் கட்டாயம். கடையில் விற்கும் ஸ்பிரிட் கலந்த மவுத்வாஷ் எரியும், வேண்டாம். வாயில் தயிர்த்திட்டு போல வெள்ளை படிந்தால் அது பூஞ்சை, மருந்து இருக்கிறது. வலியால் சாப்பிட முடியாவிட்டால் மார்ஃபின் கேளுங்கள். பழகிவிடும் என்ற பயத்தில் மருந்தைத் தவிர்த்து, பட்டினியால் சிட்டிங்கைத் தவறவிடுவதுதான் ஆபத்து.

எடை

வாரம் ஒரு நாள், ஒரே தராசு, ஒரே நேரம். மாதத்துக்கு 5 சதவீதம் குறைந்தால் அபாயம்; 50 கிலோ ஆளுக்கு அது இரண்டரைக் கிலோ. தேவை, கிலோவுக்கு 30 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம். அந்த 50 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 1,500 கலோரி, 60 முதல் 75 கிராம் புரதம்.

நம் வீடுகளில் சீக்காளி என்றால் கஞ்சித் தண்ணீர், இளநீர், ரஸம் சாதம். வயிறு நிறையும், புரதம் இருக்காது. கணக்குக்கு வருவது இப்படி: பாலும் தயிருமாக ஒரு லிட்டர் (32 கிராம் புரதம்), மூன்று முட்டை (18), 50 கிராம் பருப்பு (11), 150 கிராம் அரிசி (10), மூன்று டீஸ்பூன் எண்ணெய். இது 70 கிராமைத் தொடும், கலோரியும் 1,600 பக்கம் வந்துவிடும். முட்டையை நன்றாக வேகவைத்து, குழைந்த பருப்பு சாதத்தில் மிக்ஸியில் அடித்துச் சேர்த்தால் தொண்டையில் இறங்கும். கேப்பைக் கூழில் மோருக்குப் பதில் கெட்டித் தயிரும் வறுத்த வேர்க்கடலைப் பொடியும் போடுங்கள். புளி, மிளகாய், சூடு மூன்றையும் ஆறேழு வாரத்துக்கு மறந்துவிட வேண்டியதுதான். சர்க்கரை இல்லாதவர் ஜிகர்தண்டா கேட்டால், சுத்தமான இடத்தில் வாங்கித் தாராளமாகக் கொடுங்கள். குளிர்ச்சி, பால், கலோரி எல்லாம் அதில் இருக்கிறது.

வாயால் பாதிக்கு மேல் போகாவிட்டால் மூக்குக் குழாய். 'குழாய் போட்டாச்சு, அவ்வளவுதான்' என்ற எண்ணம் தவறு. சிகிச்சையை முடிக்கவைப்பதே அந்தக் குழாய்தான். நிமிர்ந்து உட்கார வைத்து, குழாயில் மூக்கருகே போட்ட அடையாளம் நகரவில்லை என்று பார்த்துவிட்டு, வடிகட்டிய உணவை 200 முதல் 250 மி.லி. வரை மெதுவாக ஏற்றுங்கள். பிறகு 50 மி.லி. தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். கழுவாவிட்டால் சத்துமாவு உள்ளே காய்ந்து அடைத்துவிடும். அரைமணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. ஏற்றும்போது இருமல் வந்தால் உடனே நிறுத்துங்கள்.

சிகிச்சை நடக்கும்போதும் பீடி, போயிலை தொடர்ந்தால் கதிர்வீச்சின் பலன் குறையும், புண் ஆறாது, இரண்டாவது புற்று வரும் வாய்ப்பும் கூடும். வெறும் மனவலிமையை நம்பாமல், 1800-11-2356 என்ற இலவசத் தேசிய எண்ணில் பேசச் சொல்லுங்கள். வாய் புண்ணாக இருப்பவருக்கு நிகோட்டின் கம்மைவிடத் தோலில் ஒட்டும் பேட்ச் ஏற்றது. வீட்டில் மற்றவர்களும் வெற்றிலைப் பெட்டியை எடுத்து வைத்துவிட வேண்டும்.

நோய் கையைத் தாண்டியிருந்தால்

அறுவைக்கு எட்டாத நோய்க்கும், திரும்பி வந்த நோய்க்கும் மருந்து இருக்கிறது. விலையுயர்ந்த ஊசி ஒன்றுதான் வழி என்று நிலத்தை விற்பதற்கு முன் இதைக் கேளுங்கள். டாடா நினைவு மருத்துவமனை ஆய்வில், மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் என்ற வாய்வழி மருந்துகளோடு நிவோலுமாப் ஊசியை வழக்கத்தைவிட மிகக் குறைந்த அளவான 20 மி.கி. மூன்று வாரத்துக்கு ஒரு முறை சேர்த்தார்கள். ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தார்கள். 2022-இல் வெளிவந்தது. "குறைந்த அளவு நிவோலுமாப் எங்களுக்கு ஒத்துவருமா?" என்று புற்றுநோய்க்கு மருந்து சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேட்கலாம். வலி நிவாரணத்துக்கும் புண் கட்டவும் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் செவிலியர் வீட்டுக்கே வருவார். ஊர் சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு

திரும்பி வருவதில் பெரும்பகுதி முதல் இரண்டு வருடத்தில்தான். முதல் வருடம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, இரண்டாம் வருடம் இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ஐந்து வருடம் வரை நான்கு முதல் எட்டு மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு வருடம் ஒரு முறை டாக்டர் வாயையும் கழுத்தையும் பார்க்க வேண்டும். கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை தைராய்டைப் பார்க்கும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை வேண்டும். தைராய்டு மந்தமானால் வரும் சோர்வை நோய் திரும்பியதாக நினைத்துப் பயப்படுபவர்கள் உண்டு.

வாய் திறப்பை வீட்டிலேயே அளக்கலாம். நோயாளியின் மூன்று விரலை அடுக்கி நிறுத்தி முன்பற்களுக்கு இடையே நுழையவிட்டுப் பாருங்கள். 35 மி.மீ.க்குக் கீழே போனால் வாய்ப்பூட்டு என்றே கணக்கு. மருத்துவர் அனுமதித்ததும் ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு இடையே வைத்து, ஒரு தடவைக்கு 30 விநாடி, ஐந்து முறை, தினம் ஐந்து வேளை. வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டுங்கள். நன்றாகத் திறந்துகொண்டிருந்த வாய் மாதக்கணக்கில் அப்படியே இருந்தபின் திடீரென்று இறுகினால், பயிற்சி போதவில்லை என்று விட்டுவிடாமல் படம் எடுத்துப் பாருங்கள். புதுக் காதுவலி, தையல் ஓரத்தில் தடிப்பு, கழுத்தில் வலியில்லாத உருண்டை, விழுங்கும்போது தடை என்றால் அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். மறு கன்னம், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் எங்கும் புதிதாக இன்னொரு புற்று வரலாம். ஒரே போயிலைதான் எல்லா இடத்தையும் தொட்டது.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் அறிக்கை மட்டும் போதாது. நோயியல் துறையில் கேட்டு சதைத் துணுக்கை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக்கையும் ஸ்லைடுகளையும் வாங்கிக்கொள்ளுங்கள், கதிர்வீச்சுப் பிரிவில் எந்த இடத்துக்கு எத்தனை கிரே கொடுத்தார்கள் என்ற சுருக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். அந்தச் சுருக்கம் இல்லாமல் அதே இடத்தில் இரண்டாம் முறை கதிர் வைக்க எந்த டாக்டரும் துணிய மாட்டார்.